பேசக் கூடாதென்றுதான் தீர்மானம்

ஏப்ரல் 24, புதன்

அன்புள்ள செந்தமிழுக்கு,

உன் ஓரகத்தி சாலம்மாள் எழுதுவது. வெட்கத்தை விட்டு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பங்குனி அமாவாசைக் கூட்டத்தில், ஓடைக்குப் பாலம் கட்டித் தரும்வரை நம் ஊரில் ஒருத்தரும் ஓட்டுப் போடக் கூடாது என்று மூப்பர் பிச்சைமுத்து கேட்டு உன்னைத் தவிர எல்லாரும் கை தூக்கினார்களே, அப்போது நான் தூங்கிக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து கடுக்காய் உடைத்த அசதி. ராஜாங்கம் பெண்டாட்டி முழங்கையால் இடித்தாள். கண்ணைத் திறந்தால் சுற்றிலும் கை. நானும் தூக்கினேன். வீட்டுக்குப் போகிற வழியில் என் வீட்டுக்காரர், அதுதான் உன் மாமாவிடம், "எதுக்குய்யா கை தூக்கினோம்?" என்று கேட்டேன். அவர் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஊரோட தூக்கினோம்" என்றார். அவருக்கும் தெரியாதோ என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

சிரித்தாயா? சிரித்திருப்பாய். வேலிக்கு இந்தப் பக்கம் கேட்கிற மாதிரிச் சிரிக்காதே, அதுவும் பேச்சில் சேர்த்தி என்று யாராவது கிளப்பிவிடுவார்கள்.

இங்கே நானும் உன் மாமாவும் மூன்று கோழியும் சுகம். நீயும் மகள் எழில்மதியும் சுகமென்று வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். கன்றுக்குட்டி எலெக்சன் அன்றைக்குப் பிறந்ததால் எலெக்சன் என்றே பேர் வை. கூப்பிட்டால் ஐந்து வருசத்துக்கு ஒரு தரம் வரும்.

ஞாயிற்றுக்கிழமை தனிக்கூட்டம் போட்டு என்ன சொன்னார்கள்? ஆடித் திருவிழாவரை உன் வீட்டோடு யாரும் பேசக் கூடாது, ஒன்று கொடுக்கக் கூடாது, வாங்கக் கூடாது, நல்லது கெட்டதுக்குப் போகக் கூடாது. மீறினால் மீறின வீட்டுக்கும் அதேதான். எழுதக் கூடாதென்று யாராவது சொன்னார்களா? சொல்லவில்லை. நான் மூன்றாம் வகுப்புவரை படித்தது எதற்கென்று நாற்பத்தாறு வயதில்தான் தெரிகிறது. நம் இரண்டு வீட்டுக்கும் துணி காயப்போட ஒரே கொடி. பழுப்புத் துண்டு மடித்துக் கிளிப் போட்டிருந்தால் உள்ளே கடிதம் இருக்கிறது. நீயும் அப்படியே செய்.

அந்த எலெக்சன் வெள்ளிக்கிழமையை நான் எப்படி மறப்பேன்? ஓட்டன்று ஊரில் இருந்தால் ஆசை வந்துவிடும் என்று மூப்பர் சொல்ல, எல்லா வீட்டையும் பூட்டிக்கொண்டு மேல்மலைக்கு அய்யனார் கோயிலில் பொங்கல் வைக்கப் போனோம். எழில்மதியும் எங்களோடு வந்தாள். மாடு கன்று போடுகிற நேரமென்று நீ மட்டும் நின்றாய். சாயங்காலம் இறங்கி வருகிறோம், பள்ளிக்கூடத்து வாசலில் ஓட்டு மிசினை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்த போலீஸ்காரர், "இன்னாங்க, ஒண்ணே ஒண்ணுதான் வுழுந்திருக்கு" என்று சிரித்தார். அத்தனை ஜனமும் அப்படியே நின்றது. யார் கையிலிருந்தோ பொங்கல் பானை நழுவி உருண்டு ஜீப் சக்கரத்தில் முட்டி நின்றது. எடுக்க ஒருத்தரும் குனியவில்லை.

பங்குனிக் கூட்டத்தில் நாற்பத்திரண்டு வீட்டில் கை தூக்காத ஒரே ஆள் நீ. ஓட்டன்று ஊரில் இருந்த ஒரே ஆளும் நீ. விழுந்தது ஒன்று. மூப்பர் பள்ளிக்கூடம் போகாதவர், இந்தக் கணக்கு மட்டும் எப்படியோ வந்துவிட்டது.

விரலைக் காட்டச் சொன்னார். கடுக்காய் உடைத்து உடைத்து, சுத்தியல் இரும்பும் சாறும் சேர்ந்து இந்த ஊரில் எல்லார் விரலும் நகமும் மை அடித்த மாதிரிக் கறுத்துக் கிடக்கிறது. எது கடுக்காய், எது சர்க்கார் மை என்று யார் கண்டது? காட்டச் சொன்ன மூப்பர் விரலே நாலு எலெக்சனுக்கு ஓட்டுப் போட்ட விரல் மாதிரி இருந்தது. சரி, கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய் என்றால் நீ மாட்டேன் என்றாய். அங்கேதான் எல்லாருக்கும் சந்தேகம் கெட்டியானது. எனக்கும்.

எனக்கு மட்டும் சொல்லு. போட்டாயா? போட்டிருந்தால் யாருக்கென்று சொல்ல வேண்டாம்.

வாயை மூடிக்கொண்டிருப்பதால் வயிறு ஊதிப்போன
உன் அக்கா சாலம்மாள்

*

ஏப்ரல் 26, வெள்ளி

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இனிமேல் ஈரத் துண்டில் வைக்காதீர்கள். பாதி எழுத்து கரைந்துபோய், உங்கள் கோழிகள் மூன்றும் கூட்டத்தில் கை தூக்கின மாதிரி முதலில் படித்தேன்.

நான் ஓட்டுப் போடவில்லை.

அன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கு மாடு கன்று போட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பள்ளிக்கூடத்திலிருந்து கண்ணாடி போட்ட டீச்சர் ஒருவர் தண்ணீர் கேட்டு வந்தார். மோர் கொடுத்தேன். காலையிலிருந்து ஒருத்தர்கூட வரவில்லை, நீங்களாவது வந்து போட்டுவிட்டுப் போங்கம்மா, யார் பார்க்கப்போகிறார்கள் என்று கெஞ்சினார். ஆசையாகத்தான் இருந்தது. ஓட்டைப் போட்டுவிட்டு, ஜெயித்தவன் சட்டையைப் பிடித்துப் பாலம் எங்கே என்று கேட்கலாம், போடாதவர்களுக்கு எவன் பயப்படுவான் என்று நான் கூட்டத்தில் சொன்னேன். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்ததால் கேட்டிருக்க மாட்டீர்கள். ஆனாலும் ஊர் முடிவு எடுத்துவிட்டது. எனக்குப் பிடிக்காவிட்டாலும் அது முடிவுதான். மாட்டேன் என்று சொல்லி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு மாட்டைப் பார்க்கப் போனேன்.

பிடிக்காததை முகத்துக்கு நேராகச் சொன்னேன். சொன்ன பிறகு கட்டுப்பட்டும் நடந்தேன். என்னிடம் எதற்குக் கற்பூரம்? கை தூக்கின நாற்பத்தொரு வீட்டில் ஒரு வீட்டையாவது சத்தியம் கேட்டார்களா?

எனக்கு அதெல்லாம் பெரிதில்லை. எழில்மதி கல்யாணம்தான் நெஞ்சில் கல்லாக நிற்கிறது. மே 26 முகூர்த்தம், 24 வெள்ளிக்கிழமை பந்தக்கால். உங்களுக்குத் தெரியாததா, வீட்டுக்கு ஒரு கை மஞ்சள் தொட்டுக் கம்பத்தைப் பிடித்து நட வேண்டும். வெள்ளிமலைச் சம்பந்திக்கும் இதே வழக்கம். வந்து இறங்கினதும் கம்பத்தில் மஞ்சள் எவ்வளவு என்றுதான் பார்ப்பார்கள். என் ஒருத்தி கை மட்டும் இருந்தால், ஊரில்லாத பெண்ணை எப்படிக் கூட்டிப்போவது என்று கேட்க மாட்டார்களா? அவள் அப்பா குடகு காப்பித் தோட்டத்திலிருந்து இருபத்து நாலாம் தேதி சாயங்காலம்தான் வருகிறார். அவருக்கு நான் இதை இன்னும் சொல்லவில்லை. எழில்மதி சாப்பிடுவதில்லை. தட்டில் கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என்னை விலக்கக் கை தூக்கச் சொன்னபோது நான் முன்னால் நின்றேன். பின்னால் திரும்பவில்லை. நீங்கள் தூக்கினீர்களா?

செந்தமிழ்ச்செல்வி

கன்றுக்குப் பேர் வைத்தாயிற்று. லட்சுமி.

*

மே 2, வியாழன்

அன்புள்ள செந்தமிழுக்கு,

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். எழுத்துக் கூட்டிப் படிப்பதால் நாலு தரம் இல்லை, அதிர்ந்துபோய்த்தான். மோர் கொடுத்தாய், ஓட்டுப் போடவில்லை. நீ சொன்னால் எனக்கு அது போதும். பின்னே அந்த ஒன்று எங்கிருந்து விழுந்தது? மாடு போய்ப் போட்டதா?

உன் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு வேலை செய்தேன். ஊரில் யார் யாருக்கு உன்மேல் இவ்வளவு கோபம் என்று தெரிந்துகொள்ளலாமென்று வீடு வீடாகப் போனேன். ஒரு வீட்டில் உப்பு, ஒரு வீட்டில் முறம், ஒரு வீட்டில் சும்மா வாய் வம்பு. நான் வம்பு பேசப் போவது ஊருக்குப் புதிதா?

முதலில் ராஜாங்கம். ரேசன் கடை வரிசையில் பிடித்தேன். அக்கம் பக்கம் பார்த்துவிட்டு, "அண்ணி, உங்களாண்ட சொல்றதுக்கு இன்னா, நான் ஊர்ல இருந்திருந்தா போட்டிருப்பேன். எல்லாரும் தூக்கிக்கினு இருக்கசொல்ல நான் மட்டும் கையை மடியில வெச்சிக்கினு எப்படிக் குந்தியிருக்கறது?" என்றான். உன்னை விலக்கினது நியாயமா என்றேன். பாவம்தான் என்றான். அவன் பெண்டாட்டியைக் கேட்டேன். அவர் தூக்கினார், நான் தூக்கினேன் என்றாள். உன் மாமாவைக் கேட்டேன். மூப்பர் கேட்டார், தூக்கினோம் என்று சொல்லிவிட்டு ரேடியோவைத் திருகினார்.

மூப்பர் வீட்டுக்காரம்மாவையே கேட்டுவிட்டேன். உன் வீட்டு மோர் இல்லாமல் அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லையாம், கம்மியாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டு அவர் வேட்டி நழுவுகிறதாம். அப்புறம் என்ன, பேச வேண்டியதுதானே என்றேன்.

"எனக்கு இன்னாத்துக்குக் கோபம்? ஊரு சொல்லிடுச்சே, சாலம்மா."

"ஊருன்னா யாரு?"

"எல்லாரும்தான்."

பதினேழு வீட்டில் கேட்டேன், செந்தமிழு. ஒரு வீட்டுக்குக்கூட உன்னை விலக்க மனசில்லை. எல்லாரும் மற்ற எல்லாருக்கும் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தர் காட்டுகிற ஆளிடம் போனால் அவர் அடுத்த ஆளைக் காட்டுகிறார். பதினேழாவது வீட்டில் பாதித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது இது எனக்கு உறைத்தது. யாருக்குமே இஷ்டமில்லாத ஒன்றை எல்லாருமாகச் செய்துவைத்திருக்கிறோம். இதைவிட ஒரு பேய் வந்து செய்துவிட்டுப் போனது என்றால்கூட எனக்கு நிம்மதியாக இருக்கும்.

இப்போது உன் கேள்வி.

பங்குனியில் தூங்கினேன் என்றேனே, அது நிஜம். ஞாயிற்றுக்கிழமை நான் தூங்கவில்லை. முழித்துக்கொண்டுதான் தூக்கினேன். நீ முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய், ரவிக்கை வியர்வையில் ஒட்டியிருந்தது. பக்கத்தில் கை ஏறியது, பின்னால் ஏறியது. என் ஒருத்தி கை மட்டும் கீழே இருந்தால் அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்ப்பார்களே என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். அடுத்து என் வீட்டை விலக்குவார்களோ, எனக்குக் கஷ்டம் வருமோ என்றெல்லாம் பெரிதாக யோசித்திருந்தால்கூடச் சொல்லிக்கொள்ள ஒரு காரணம் இருக்கும். திரும்பிப் பார்ப்பார்களே என்றுதான் தூக்கினேன். இருபத்தோரு வருசம் ஒரே கொடியில் துணி காயப்போட்டவளை அதற்காக விட்டேன். வீட்டுக்கு வந்து என் கையைப் பார்த்தேன். வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

ஏதாவது எழுது. திட்டியாவது எழுது.

சாலம்மாள்

*

மே 4, சனி

அக்காவுக்கு,

தெரியும். எல்லாரும் கை தூக்கும்போது எனக்கு நேர் பின்னால் கண்ணாடி வளையல் சரிந்து விழுகிற சத்தம் கேட்டது. இந்த ஊரில் முழங்கைவரை வளையல் போடுகிறவர் நீங்கள் ஒருவர்தான். நான் திரும்பாததற்கு அதுதான் காரணம்.

நீங்கள் எழுதுவீர்களா, மறைப்பீர்களா என்று பார்க்கத்தான் கேட்டேன். எழுதினீர்கள். அதற்கு நன்றி.

இனி எழுத வேண்டாம். துண்டைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன்.

செந்தமிழ்ச்செல்வி

*

மே 15, புதன்

செந்தமிழுக்கு,

எழுத வேண்டாமென்றாய். பதினோரு நாள் எழுதவில்லை. என் ஆயுசில் இத்தனை நாள் நான் எதையும் அடக்கியதில்லை. இன்றைக்கு எழுதாவிட்டால் என் மண்டை வெடித்துவிடும், அப்புறம் அதைக் கூட்டி அள்ளுகிற வேலையும் பக்கத்து வீடு என்பதால் உனக்குத்தான்.

திங்கட்கிழமை கள்ளக்குறிச்சி போனேன். எதற்கென்று கேட்காதே, பெரியம்மா சீர் என்று ஒன்று இருக்கிறது. அரக்குச் சிவப்பு, பச்சைக் கரை. திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஓர் அம்மா வந்து உட்கார்ந்தார். சங்கராபுரத்தில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறாராம். எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். முகம் மலர்ந்துபோனது. "அட, எலெக்சனுக்கு உங்க ஊர்லதான்மா எனக்கு டூட்டி. ஆளே இல்லாத ஊருல ஒரு அம்மா மட்டும் மோரு குடுத்தாங்க, அவங்க கை நல்லா இருக்கணும்" என்றார். பேர் அருள்மொழி. தியாகதுருகம் பக்கம் பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

மெதுவாக, அந்த அம்மாதான் ஓட்டுப் போட்டுச்சா என்று கேட்டேன்.

"அவங்களா? எவ்வளவு கெஞ்சினோம், மாட்டேன்னுட்டாங்களே. ஊரு முடிவாம்."

"பின்ன அந்த ஒண்ணு?"

"அது என்னுதும்மா."

டூட்டியில் இருக்கிறவர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்களோ அங்கேயே போட்டுக்கொள்ளச் சீட்டுத் தருவார்களாம். அவரும் போட்டிருக்கிறார். இதோ பாருங்க என்று விரலை நீட்டிக் காட்டினார். நகத்தடியில் மை இன்னும் கொஞ்சம் இருந்தது. சுத்தமான வாத்தியார் விரல், கடுக்காய் கிடுக்காய் எதுவும் தொடாத விரல். அதில் அந்தக் கறுப்புக் கோடு அப்படித் தெரிந்தது. நான் வாயைப் பிளந்தது பிளந்தபடி சங்கராபுரம்வரை வந்தேன். டீச்சர் பயந்துபோய் என் முதுகைத் தடவித் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். விசயத்தைச் சொன்னதும் அவர் அழுதுவிட்டார். பஸ்ஸில் எல்லாரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்கு எனக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை.

இறங்கினதும் நேராக மூப்பர் வீடு. பை, பழம் எல்லாம் கையில் அப்படியே. மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் முகம் சாம்பலாகிவிட்டது. கெட்டவர் இல்லை செந்தமிழு, அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது. தலையைக் குனிந்துகொண்டு, "அந்தப் புள்ளைக்குப் பெரிய பாவம் பண்ணிட்டோம்" என்றார்.

"அப்போ விலக்கை எடுத்துடுங்க" என்றேன்.

"நான் எப்படிம்மா எடுக்கறது? ஊரு வெச்சது. ஊருதான் எடுக்கணும்."

"ஊரைக் கூட்டுங்க."

"அமாவாசைக்குத்தான் கூட்டம்."

அமாவாசை ஜூன் மாதம், கல்யாணம் முடிந்து பத்து நாள் கழித்து. விலக்கும்போது அமாவாசை பார்த்தீர்களா, ஞாயிற்றுக்கிழமை தனிக்கூட்டம் போட்டீர்களே என்றேன். அது ஊர் கேட்டது, இப்போதும் ஊர் கேட்டால் போடுகிறேன் என்றார். நான் கேட்கிறேன் என்றேன். நீ ஒருத்தி கேட்டால் ஊர் ஆகுமா என்றார். இப்போது மாற்றினால் நாளைக்குப் பாலத்துக்கு இன்னொரு முடிவு எடுத்தால் எவன் கேட்பான் என்றார். டீச்சரைக் கூட்டி வா, பார்க்கலாம் என்றார். சொல்லும்போது அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. கண்ணில் தண்ணீரோடு அதையேதான் சொன்னார்.

அன்றிலிருந்து எல்லா வீட்டிலும் சொல்லிவிட்டேன். எல்லாரும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். ராஜாங்கம் பெண்டாட்டி வாய்விட்டு அழுதாள். எல்லாருக்கும் தெரியும், இப்போது எல்லாருக்கும் தெரியும் என்பதும் எல்லாருக்கும் தெரியும். இன்று காலையில் நீ குழாயடிக்கு வந்தாயே, என்ன நடந்தது? ஒருத்தர் பின்னால் ஒருத்தராகக் குடத்தை எடுத்துக்கொண்டு விலகினார்கள். நானும் அங்கேதான் நின்றேன். குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது, எனக்குக் கால் நகரவும் இல்லை, வாய் திறக்கவும் இல்லை.

உண்மை தெரிந்தால் மாறிவிடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை.

சாலம்மாள்

*

மே 23, வியாழன்

செந்தமிழுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. துண்டு மட்டும் காய்ந்துபோய் மடித்திருந்தது. சரி.

நாளைக்கு விடிகாலையில் பந்தக்காலுக்கு வருவேன். உன்னோடு பேச மாட்டேன், முகத்தைப் பார்க்க மாட்டேன், அது நீ போட்ட விலக்கு, அதை மீற எனக்கு யோக்கியதை இல்லை. ஊர் போட்டதை மீறிக்கொள்கிறேன். மஞ்சள் தொட்டுக் கம்பத்தைப் பிடித்துவிட்டு ஆறு மணி பஸ்ஸில் தியாகதுருகம் போகிறேன். அருள்மொழி டீச்சரைக் கையோடு கூட்டிவந்து மூப்பர் எதிரில் நிறுத்துகிறேன். வர ராத்திரி ஆகும்.

உன் மாமாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். நீ தொட்டால் நம் வீட்டுக்கும் விலக்கு என்றார். ஆமாம் என்றேன். அப்போது நானும் உன்னோடு பேசக் கூடாதே என்றார். இருபத்தைந்து வருசம் பேசி என்ன பெரிதாக வாழ்ந்துவிட்டோம், ரேடியோ இருக்கிறதே என்றேன். யோசித்துக்கொண்டிருக்கிறார்.

வேறு யாராவது வருவார்களா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எல்லார் காதிலும் விழுகிற மாதிரிக் குழாயடியில் சொல்லி வைத்திருக்கிறேன். குடங்கள்தான் என்னைப் பார்த்தன.

சீர்ப் புடவை கொடியில் இருக்கிறது. துண்டில் சுற்றவில்லை. ஊரே பார்க்கட்டும் என்று விரித்துப் போட்டிருக்கிறேன்.

சாலம்மாள்

*

மே 24, வெள்ளி, சாயங்காலம்

அக்காவுக்கு,

எழில்மதி அப்பா வந்து சேருமுன், நீங்கள் பஸ் ஏறின பிறகு நடந்ததை எழுதுகிறேன். நேரில் சொல்ல இன்னும் எனக்கு வாய் வரவில்லை.

காலையில் நீங்கள் வந்து தலையைக் குனிந்தபடியே மஞ்சளைத் தொட்டீர்கள். கம்பத்தைப் பிடித்தீர்கள். எழில்மதி காலில் விழப் போனாள், அதையும் பார்க்காமல் ஓடிவிட்டீர்கள். அதன் பிறகு வாசலில் நானும் அவளும்தான். ஏழு மணி ஆனது, எட்டு ஆனது. தெருவில் எல்லா வீட்டிலும் கதவு பாதி திறந்திருந்தது. கம்பத்தில் இரண்டு கை மஞ்சள், உங்களுடையதும் என்னுடையதும். போதும்மா, நட்டுடலாம் என்று எழில்மதி சொன்னாள். அவள் குரல் நடுங்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எட்டரைக்கு மாமா வந்தார். குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, நெற்றியில் பட்டையோடு வந்தார். யாரையும் பார்க்காமல் மஞ்சளில் முழங்கைவரை கையை விட்டுக் கம்பத்தைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. அப்படியே நின்றுகொண்டு தெருவைப் பார்த்து, "தூக்கத் தெரிஞ்ச கைக்குப் புடிக்கத் தெரியாதா?" என்று ஒரே ஒரு தரம் கேட்டார். மாமா அத்தனை சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அவருக்கே தூக்கிவாரிப்போட்டது போல இருந்தது.

ராஜாங்கம் பெண்டாட்டி முறத்தைத் திருப்பித் தர வந்தவள் மாதிரி வந்தாள். நாங்கள் முறமே கொடுக்கவில்லை. பின்னாலேயே ராஜாங்கம். அப்புறம் ஒரு வீட்டார் கோழி தேடி வந்தார்கள், ஒரு வீட்டார் மாட்டைப் பிடிக்க வந்தார்கள். ஒவ்வொருத்தரும் தொடுமுன் பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் தொட்டார்கள். பத்துக் கை ஆன பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பதினைந்துக்குப் பிறகு வேகமாக நடந்து வந்தார்கள். எங்கே கடைசி ஆளாகிவிடுவோமோ என்று பயந்த மாதிரி. மத்தியானத்துக்குள் முப்பத்தாறு வீடு.

எனக்குச் சந்தோசமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் நான் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு ஏறினதும் இதே கைகள்தான், இன்றைக்குக் கம்பத்தைப் பிடிப்பதும் இதே கைகள்தான். அன்றைக்கு என்மேல் கோபத்தில் ஏறவில்லை. இன்றைக்கும் என்மேல் பிரியத்தில் வந்தது எத்தனை என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்து ஆள் வந்தார், வந்தார்கள். நாளைக்குப் பக்கத்து ஆள் போனால் போவார்கள். இது தெரிந்த பிறகு இந்த ஊரில் நான் எப்படி நிம்மதியாகத் தூங்கப்போகிறேன், அக்கா? உங்களுக்காவது கூட்டத்தில் தூக்கம் வருகிறது.

மூப்பரும் வந்தார். மொபெட்டைக் கம்பத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்க்காமல் குழியைப் பார்த்து, "ஆழம் பத்தாது" என்றார். தீர்மானம் இன்னும் இருக்கிறதல்லவா, குழியோடு பேசலாம் போல. நானும் குழியைப் பார்த்து, அவரவர் தோண்டினது இவ்வளவுதான் என்றேன். அப்புறம் மஞ்சளைத் தொட்டார். முப்பத்தேழு வீடு. ஐந்து வீடு வரவில்லை. அந்த ஐந்து வீட்டின் மேல் எனக்குக் கோபமில்லை என்று ராஜாங்கத்திடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவர்களை யாராவது விலக்கப் பார்த்தால் நான் கை தூக்க மாட்டேன் என்றும்.

டீச்சர் வந்தால் ராத்திரி நம் வீட்டில் சாப்பிடட்டும். ஊருக்குச் சாட்சி சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. அவருக்கு இன்னொரு டம்ளர் மோர் மட்டும் வைத்திருக்கிறேன்.

எழில்மதி சீர்ப் புடவையை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். தாலி கட்டும்போது அதைத்தான் கட்டிக்கொள்வாளாம். ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவாக அவள் பக்கத்தில் நீங்கள்தான் நிற்க வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

நான் பேசுவது ஆடித் திருவிழாவுக்குப் பிறகுதான். ஊர் சொன்ன கெடு என்பதால் இல்லை. எனக்கு அவ்வளவு நாள் வேண்டும், இது நான் தனியாக எடுத்த முடிவு. அதுவரை எழுதுங்கள். காய்ந்த துண்டில்.

செந்தமிழ்ச்செல்வி

பி.கு. ஒன்று விட்டுப்போனது. மூன்று மணிக்குக் கம்பம் சாய்ந்து மூப்பரின் மொபெட் மேல் விழுந்தது. முன்விளக்கு உடைந்தது. இருக்கையெல்லாம் மஞ்சள். திரும்ப நட்டுவிட்டோம்.